பொற்கொடி அனுப்பிய படங்கள்

போடியில் மொய்னுதீனின் ஏலக்காய்க் கடையில் பொற்கொடி சேர்ந்தது காய் பொறுக்கத்தான். பொறுக்குகிற பெண்களில் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி என்பதால், கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் முன்னால் அவளை உட்கார வைத்தார்கள். பதினாறு வருடம் ஆயிற்று. இப்போது வயது ஐம்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் வருத்தம்.

தம்பி ஜெகதீஷ் கனடாவில் இருக்கிறான். அவனைப் படிக்க வைத்தது இவள்தான் என்று தெருவே சொல்லும், இவள் சொல்ல மாட்டாள். முதலில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவன், "வேலை நேரத்துல டிங்கு டிங்குன்னு வருதுக்கா. மெயில்ல போடு, சாவகாசமா பாக்குறேன்" என்றான். வேறொருத்தி என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். பொற்கொடி சந்தோஷப்பட்டாள். சாவகாசமாகப் பார்க்கிறேன் என்கிறானே.

கடை கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டரை மொய்னுதீன் அவளுக்கே கொடுத்திருந்தார். ஞாயிறு காலையில் தலைக்குக் குளித்துவிட்டு அதன் முன்னால் உட்காருவாள். கடையில் மெயிலோடு படத்தைத் தனியாக இணைத்து அனுப்புவார்கள். தம்பிக்கு அப்படி வாலில் கட்டித் தொங்கவிட அவளுக்கு மனசு வரவில்லை. எழுத்துக்கு நடுவிலேயே படம் இருக்க வேண்டும். 'போடிமெட்டுக்கு ஆளுகள ஏத்திக்கிட்டு ஜீப்பு போகுது பாரு' என்று ஒரு வரி, அதன் கீழே ஜீப். 'நம்ம ஊருக்கு மறுபடி ரயில் வந்துருச்சு' என்று ஒரு வரி, அதன் கீழே ரயில். பாதி நாள் இதற்கே போய்விடும். மீதிப் பாதியும் போனால் தேவலை என்றிருக்கும். தனி ஆளாக இருக்கிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லேசில் முடிவதில்லை.

திங்களோ செவ்வாயோ பதில் வரும். 'சூப்பர்க்கா. அழகா இருக்கு.' வாரந்தோறும் அதே பதில்தான். வேலை அப்படி, பாவம் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

போன ஆனி மாதச் சாரலில் கடைப் படியில் வழுக்கி விழுந்து இடது கை முறிந்தது. மாவுக்கட்டைப் படம் எடுத்தாள். 'அக்கா புதுசா வளையல் போட்டிருக்கேன் பாரு' என்று எழுதி, கீழே படத்தை வைத்தாள். விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதுதான் படத்திலேயே இருக்கிறதே. அதற்கும் 'சூப்பர்க்கா. அழகா இருக்கு' என்று வந்தது. கேலிக்குக் கேலி செய்கிறான் என்று ஒற்றைக் கையோடு உட்கார்ந்து சிரித்தாள். அடுத்த வாரமாவது எப்படி விழுந்தாய், வலிக்கிறதா என்று கேட்பான் என எதிர்பார்த்தாள். அவன் கேட்கவில்லை.

இந்த மாசியில் ஒரு நாள் கடைத்தெருவில் கரண்ட் இல்லை. விருதுநகர் வியாபாரி ஒருவருக்கு ஏழு தினுசு காயின் படமும் விலையும் மதியத்துக்குள் போயாக வேண்டும். பொற்கொடி செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தம்பிக்கு அனுப்புகிற மாதிரியே, ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் ஒரு படமாக வைத்து அனுப்பினாள். பார்க்க லட்சணமாக இருந்ததில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள்.

ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. விருதுநகர்க் கடையின் வினோத்குமார் பேசினான்.

"அக்கா, படம் ஒண்ணும் வரல. வெறும் கட்டம் கட்டமா நிக்குது."

"இங்க நல்லாத் தெரியுதே தம்பி."

"ஒங்களுக்குத் தெரியும்க்கா. படத்த அனுப்பாம, அது ஒங்க கம்ப்யூட்டர்ல எங்க இருக்குங்கிறத மட்டும் அனுப்பிருக்கீங்க. படத்தச் சேக்கும்போது ஓரத்துல 'லிங்க்'னு ஒரு டிக் இருக்கும். அத எடுத்துட்டு வெரசா அனுப்புங்க."

அந்த டிக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினாள். "வந்துருச்சுக்கா" என்று வினோத்குமார் போனை வைத்துவிட்டான்.

பொற்கொடி எழுந்திருக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் எல்லாப் படமும் தெரியத்தான் செய்யும் என்பதால், தம்பிக்கு அனுப்பிய மெயில்களைச் செல்போனில் திறந்தாள். ஜீப் இல்லை, ரயில் இல்லை, மாவுக்கட்டு இல்லை. 'பாரு', 'பாரு' என்ற வரிகளுக்குக் கீழே காலிக் கட்டங்கள்தான் இருந்தன. இரண்டு வருடத்துக்கும் மேலாக, நூற்றுக்கும் மேற்பட்ட ஞாயிற்றுக்கிழமைகள். அத்தனைக்கும் அழகா இருக்கு என்று எழுதியிருந்தான்.

ஏலக்காய் வாங்குகிறவனுக்கு ஐந்து நிமிஷம் போதுமானதாக இருந்தது. 'படம் வரலக்கா' என்று இரண்டு வார்த்தை எழுத, கூடப் பிறந்தவனுக்கு இரண்டு வருடம் போதவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். உடைந்த கையைப் பார்த்து அவன் கேலி செய்யவில்லை என்பது ஒரு ஆறுதல்தான். ஆனால் பார்க்கவே இல்லை என்பதை எந்த ஆறுதலைச் சொல்லியும் ஆற்ற முடியவில்லை.

ஞாயிறு வந்தது. வழக்கம் போல உட்கார்ந்தாள். அந்த டிக்கை எடுத்துவிட்டால் படம் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகும் அதே இரண்டு வரி வந்தால் என்ன செய்வது? இதுவரை பழியைக் கம்ப்யூட்டர் தலையில் போட்டுக்கொள்ளலாம். அப்புறம் யார் தலையில் போடுவது? அவள் டிக்கை எடுக்கவில்லை.

யாரும் பார்க்கப் போவதில்லை என்றானதும் ஒரு துணிச்சல் வந்தது. இத்தனை கடிதத்தில் தன் முகத்தை அவள் ஒரு தடவைகூட வைத்ததில்லை. செல்போனைத் திருப்பிப் பிடித்துத் தன்னைப் படம் எடுத்தாள். முன்நெற்றியில் நரை, கண்ணுக்குக் கீழே கருவளையம், அழுத வீக்கம். 'இதப் பாரு' என்று மட்டும் எழுதி, கீழே அதை வைத்து அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பதில் வந்திருந்தது. 'சூப்பர்க்கா. அழகா இருக்கு.'

அழகு என்று இதுவரை அவளை யாரும் சொன்னதில்லை. திரையில் தன் முகத்தையும், தம்பியின் அந்த வரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனாள்.