மூச்சுக்கருப்பன் கேட்டது

பழங்காநத்தத்தில் ஒச்சம்மாள் குடியிருக்கும் தெருவில், அவள் யார் வீட்டிலிருந்தும் சொல்லிக்கொண்டு கிளம்பியதை ஒருவரும் பார்த்ததில்லை. வருவாள், உட்காருவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், கொடுத்தால் காப்பி குடிப்பாள். பேச்சு பாதியில் இருக்கும்போதே முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். 'வாரேன்' என்று ஒரு வார்த்தை கிடையாது. சாவு வீட்டில் சொல்லாமல் போவது முறை என்பதால் அங்கே மட்டும் யாரும் அவளைக் குறை சொல்வதில்லை.

"நல்ல வீட்டையும் எழவு வீடாக்கிட்டுப் போறா பாரு" என்று வளையல்காரர் பெண்சாதி ஒருமுறை முகத்துக்கு நேரே சொன்னாள். ஒச்சம்மாள் சிரித்தாள். அன்றைக்கும் சொல்லாமல்தான் போனாள்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக இப்படி. அதற்கு முன்னால் அவள் இப்படி இருந்தவள் இல்லை.

எழுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் அவளுக்கு இருமலோடு ரத்தம் வந்தது. வயது இருபத்து மூன்று. புருஷன் சின்னச்சாமி அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். மகள் செல்லத்தாய்க்கு இரண்டு வயது முடிந்திருந்தது. ஊருக்கு வெளியே மலையடியில் இருந்த டி.பி. ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள்; பார்க்க வரும்போதும் தூக்கிவரக் கூடாது.

கிளம்புகிற அன்று செல்லத்தாய், சின்னச்சாமியின் அக்கா அழகம்மாள் இடுப்பில் இருந்தாள். கையில் பாதி தின்ற முறுக்கு. ஒச்சம்மாள் கிட்டே போகாமல் வாசலில் தள்ளி நின்று சொன்னாள்.

"அம்மா போயிட்டு வாரேன்டி. வாரேன்னு சொல்லிட்டேன்ல? வந்துருவேன்."

குழந்தை முறுக்கை நீட்டியது. அதை வாங்கக் கூடாது என்பதால் வாங்காமல் பஸ் ஏறினாள்.

பொம்பளை வார்டில் பதினாறு கட்டில்கள். காற்றும் மருந்துதான் என்று பெரிய பெரிய ஜன்னல்களைச் சாத்தவே விடமாட்டார்கள். ஜன்னல் முழுக்க மலை. மரம் அதிகம் இல்லாத மொட்டை மலை. அடிவாரத்தில் ஒற்றைப் பனை, நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உருண்டைப் பாறைகள், அதற்கு மேலே மழைத்தண்ணீர் வழிந்து வழிந்து கறுத்துப்போன ஒரு நீளக் கோடு, கோடு தொடங்குகிற இடத்தில் வாய் மாதிரி ஒரு குகை. தினமும் ஊசி, கை நிறைய மாத்திரை, மூடி போட்ட கோப்பையில் சளி. தொடர்ந்து மூன்று மாதம் சளியில் பூச்சி இல்லை என்று வந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அவள் போய்ச் சேர்ந்த வாரமே ஒரு பெண்ணுக்கு வீட்டுக்குப் போகச் சீட்டுக் கிழித்தார்கள். அந்தப் பெண் வாசலில் நின்று வாயைத் திறப்பதற்குள் ஆயா அதட்டினாள்.

"ஏய்! இங்கன இருந்து போறவ யாரும் வாரேன்னு சொல்லப்படாது. போறேன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிரணும்."

வீட்டில் 'போறேன்' என்று சொன்னால் வாயிலேயே அடி விழும். இங்கே அதுதான் நல்ல வார்த்தை. ஒச்சம்மாள் அதை மனசில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் சபுரா இருந்தாள். காஜிமார் தெருக்காரி, தையல் மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு வளைந்தவள். எதிர்க் கட்டிலில் பசுமலைப் பக்கத்துப் பெண் ஜெயக்கொடி, பதினேழு வயது. ஜன்னலை ஒட்டி மேலூர்க்காரி தங்கப்பொண்ணு. பாறைக்குழியில் கல் உடைக்கிறவள், மூன்று பிள்ளைக்காரி. மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று வரை பேசாமல் படுத்திருக்க வேண்டும். மூன்றிலிருந்து டீ மணி அடிக்கும் வரை செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில்தான் ஒச்சம்மாளுக்குப் பிள்ளை ஞாபகம் வந்து நெஞ்சை அடைக்கும். அழுதால் இருமல் வரும், இருமினால் ரத்தம் வரும்.

அழாமல் இருக்கத்தான் அவள் அந்த விளையாட்டைக் கட்டினாள். சாம்பாரில் கிடந்த புளியங்கொட்டைகளில் ஐந்தை எடுத்து, ஜன்னல் சிமெண்டில் ஒரு பக்கம் வெள்ளையாகும் வரை தேய்த்தாள். பலகை தேவைப்படவில்லை; மலைதான் எதிரே நின்றதே.

"அந்தக் குகைக்குள்ள ஒரு சாமி கெடக்கு. மூச்சுக்கருப்பன். முன்னொரு காலத்துல ஊரு சனம் மூச்சையெல்லாம் குடிச்சிருச்சுன்னு, சங்கிலியப் போட்டுக் கட்டிக் கல்ல வச்சு அடைச்சுப்புட்டாக. கெட்ட காத்துல கெடக்குறதால அதுக்கு இன்னும் மூச்சுப் பத்தல. கல்லு இடுக்கு வழியா நம்ம மூச்சத்தேன் இழுக்குது. ஏறிப் போயி, நம்ம மூச்ச அதுகிட்ட இருந்து வாங்கிட்டு, சங்கிலிய அவுக்காமத் திரும்பி வரணும்."

"அல்லாவே, சாமியெல்லாம் எனக்கு ஆகாது புள்ள" என்றாள் சபுரா. "நான் ஜின்னுன்னு வச்சுக்கிர்றேன். சுலைமான் நபி அடைச்சு வச்சாகளே, அந்தச் சாதி."

"வச்சுக்க. ஆனா யாரும் அவுக அவுகளாப் போகப்படாது. வேற ஆளாத்தேன் ஏறணும். நோயாளி ஏற முடியுமா?"

சபுரா குதிரைக்காரன் ஆனாள். ஜெயக்கொடி பஸ் கண்டக்டர் ஆனாள்.

"மலைக்கு எங்குட்டுடி பஸ் போகுது?"

"பஸ் போகாட்டி என்னக்கா? விசில் இருக்கு. ரெண்டு ஊது ஊதுனா கருப்பன் எந்திரிச்சுச் சீட்டு வாங்குவான்."

தங்கப்பொண்ணு மட்டும் சம்மதிக்கவில்லை. "எனக்கு வேற ஆளா இருக்கத் தெரியாது. நான் கல்லு ஒடைக்கிறவதேன். அப்படியே ஏறுறேன்."

மூன்று வெள்ளைக்கு மேல் விழுந்தால் ஆள் ஓர் அடையாளம் மேலே போகலாம். ஐந்தும் கறுப்பென்றால் பனைமரத்தடிக்குச் சரிய வேண்டும். குகைக்குள் நுழைய ஐந்தும் வெள்ளை விழ வேண்டும். உள்ளே போனவளிடம் மூச்சுக்கருப்பன் ஒன்றுதான் கேட்பான்: போறியா, வாரியா? பழக்கதோஷத்தில் வாரேன் என்று சொல்லிவிட்டால் அவனுக்கு வாக்குக் கொடுத்ததாகிவிடும், அவனிடமே திரும்பிப் போயாக வேண்டும். இந்தச் சட்டத்தை ஆயாவின் வாயிலிருந்து எடுத்தாளா, மகளுக்குச் சொன்ன வார்த்தையிலிருந்து எடுத்தாளா என்பது ஒச்சம்மாளுக்கே தெரியாது.

இப்படி மார்கழி போனது, தை போனது. சபுராவின் குதிரைக்காரன் நாலு முறை சரிந்தான். கண்டக்டர் உருண்டைப் பாறையில் மாட்டிக்கொண்டான். தங்கப்பொண்ணு மட்டும் கொட்டையை உருட்டுவதற்கு முன்னால், இருந்த இடத்திலிருந்தே மலையைக் கண்ணால் தட்டிப் பார்ப்பாள். "அந்த இடம் உள்ள பொக்கு. சத்தம் வேற மாதிரி வரும். நான் இங்குட்டுச் சுத்திப் போறேன்." நிஜமாகவே அங்கே நிற்கிற மாதிரி சொல்வாள். ஊசி போட வருகிற சிஸ்டர்கூட, "உங்க ஆளு எங்கம்மா நிக்கிறா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்பார். கறுப்புக் கோட்டின் உச்சியில், குகை வாசலுக்கு ஓர் அடி கீழே தங்கப்பொண்ணு நின்றபோதுதான் அவளுக்கு மூன்றாவது டெஸ்டும் நல்லபடியாக வந்து, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

பிள்ளைகளைப் பார்க்கப்போகிற சந்தோஷத்தில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டாள். வாசலில் திரும்பி, எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

"வாரேன் ஆத்தா. வாரேன் சபுரா."

சபுரா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"போறேன்னு சொல்லுடி!" ஒச்சம்மாள் கட்டிலிலிருந்து இறங்கியே விட்டாள். "சட்டத்த மறந்துட்டியா? போறேன்னு சொல்லு!"

"போடி இவளே. புள்ளகுட்டிக்காரி வாயால போறேன்னு எப்படிடி சொல்றது? வெளங்குமா?" தங்கப்பொண்ணு கையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

அவள் போனபிறகும் அவள் ஆள் மலையிலேயே நின்றது. தினமும் கண்ணை விழித்தால் கறுப்புக் கோட்டின் உச்சிதான் ஒச்சம்மாளுக்கு முதலில் தெரியும்.

அந்த மாதம் சின்னச்சாமி பார்க்க வந்தான். தூரத்திலேயே நின்று பேசினான். பிள்ளை நல்லா இருக்கா, ஓடுறா, பேசுறா என்றான். போகிற நேரத்தில் மெதுவாகச் சொன்னான், "அக்காவத்தேன் அம்மாங்குது. சின்னப் புள்ளதேன, நீ வந்தா மாறிரும்." அன்றைக்கு ஒச்சம்மாளுக்கு ரத்தம் வந்தது. மூன்று டெஸ்டில் இரண்டு நன்றாக இருந்தவளுக்கு மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

வைகாசியில் தங்கப்பொண்ணுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு தேறியது என்று மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடியும் பாறைக்குழியில் இறங்கியிருக்கிறாள். டாக்டர் அவளைத் திட்டினார், அவள் புருஷனைத் திட்டினார். "மாத்திரையை விட்டா இப்படித்தான் வரும்" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். ஒச்சம்மாள் அதைக் கேட்டாள். அது உண்மை என்றும் தெரியும். ஆனால் சுற்றியிருந்த கட்டில்கள் எல்லாம் டாக்டரைப் பார்க்கவில்லை, ஒச்சம்மாளின் தலையணை அடியில் இருந்த புளியங்கொட்டைகளைப் பார்த்தன.

தங்கப்பொண்ணுவால் எழுந்து உட்கார முடியவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாள். மூன்றாம் நாள் மூன்று மணிக்கு, "என் ஆளு அங்கனயேதான நிக்கிது? உருட்டு" என்றாள்.

"வேணாம்டி. மொதல்ல உடம்பு தேறட்டும்."

"உருட்டுடி. எம்புட்டு நாளு வாசல்லயே நிக்கிறது?"

ஒச்சம்மாள் யோசித்தாள். தங்கப்பொண்ணு சொல்லக் கூடாததை ஒருமுறை சொல்லிவிட்டாள். உள்ளே போய்ச் சரியான வார்த்தையைச் சொல்லிவிட்டால் முன்னால் கொடுத்த வாக்கு ரத்தாகிவிடும் அல்லவா? சட்டம் கட்டியவள் அவள்தானே. கொட்டைகளைத் தன் மடியில் உருட்டினாள்.

ஐந்தும் கறுப்பு.

படுத்திருந்தவளுக்கு மடி தெரியாது. ஒச்சம்மாள் கொட்டைகளைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள்:

"அஞ்சும் வெள்ள."

"நெசமாவா?" தங்கப்பொண்ணுவின் கண் ஓரம் சுருங்கியது. அதுதான் சிரிப்பு. "உள்ள எப்படி இருக்கு?"

"குளுகுளுன்னு இருக்கு. சங்கிலி கெடக்கு. கருப்பன் ஒன்னயப் பாக்குறான். கேக்குறான்: போறியா, வாரியா?"

தங்கப்பொண்ணு வெகுநேரம் மூச்சுச் சேர்த்தாள்.

"போறேன்" என்றாள். "போறேன்டி."

சபுரா, "அல்ஹம்துலில்லா" என்று முணுமுணுத்தாள். ஜெயக்கொடி கை தட்டினாள். ஒச்சம்மாளுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

மறுநாள் பத்து மணிக்கு ஊசி போட வந்த சிஸ்டர், தங்கப்பொண்ணுவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊசியைத் தட்டிலேயே வைத்தார்.

மத்தியானம் கட்டிலைக் கழுவிக்கொண்டே ஆயா சொன்னாள்: "போறேன்னு அவளே சொன்னாளாம்ல? சொன்னபடி போயிட்டா."

அன்றைக்குத்தான் ஒச்சம்மாளுக்கு உறைத்தது. வீட்டில் அந்த வார்த்தைக்கு அடி விழுவது இதற்காகத்தான். கறுப்பு என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் தங்கப்பொண்ணு பனைமரத்தடிக்குச் சரிந்திருப்பாள், அவ்வளவுதான். இன்னும் ஏறிக்கொண்டிருப்பாள். பொய் சொல்லி உள்ளே விட்டது யார்? அந்த வார்த்தையை வாயில் எடுத்துக் கொடுத்தது யார்? சபுராவிடம் மட்டும் கறுப்பு விழுந்ததைச் சொன்னாள்.

"அவ நுரையீரல் போச்சுன்னு போனா. ஒன் புளியங்கொட்டை என்னடி செய்யும்?" என்றாள் சபுரா. ஆனால் அதற்கப்புறம் அவளும் விளையாடக் கூப்பிடவில்லை. ஜெயக்கொடி கட்டிலை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போடச் சொன்னாள். கொட்டைகளை ஒச்சம்மாள் சளிக்கோப்பை கழுவும் தொட்டியில் போட்டாள்.

ஒச்சம்மாளுக்குத் தொடர்ந்து மூன்று டெஸ்டும் நன்றாக வந்தபோது எழுபத்தேழு மார்கழி. பதினாலு மாதம் ஆகியிருந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு வார்டு வாசலில் நின்றாள். சபுரா பார்த்தாள், ஆயா பார்த்தாள். எந்த வார்த்தை வந்தாலும் அதற்கு ஒரு விலை இருப்பது தெரிந்துபோனவளுக்கு வாய் திறக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் படி இறங்கினாள். மலைப்பக்கம் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

வீட்டு வாசலில் செல்லத்தாய் கோலப்பொடி டப்பாவோடு விளையாடிக்கொண்டிருந்தாள். ஒச்சம்மாள் குனிந்து கையை நீட்டினாள்.

"வந்துட்டேன்டி. வாரேன்னு சொன்னேன்ல?"

குழந்தை எழுந்து உள்ளே ஓடி அழகம்மாள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "அம்மா, யாரும்மா இவுக?"

அழகம்மாள் பதறிப்போய் பிள்ளையை முன்னால் இழுத்தாள். "ஆத்தி! ஒங்க அம்மாடி. ஒச்சம்மா. சொல்லு, ஒச்சம்மா."

செல்லத்தாய் சொன்னாள். அந்தப் பெயரே தங்கிவிட்டது. பிற்பாடு தெருவில் யாராவது கேட்டால் அழகம்மாள் சங்கடத்தோடு சிரிப்பாள். "அதுலயும் அம்மா இருக்குல்ல, போதும்."

இப்போது ஒச்சம்மாளுக்கு முப்பத்தைந்து வயது. சளி இல்லை, போட்ட ஊசிகளால் இடது காது மந்தம். சபுரா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஜெயக்கொடி எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. செல்லத்தாய் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள், இன்னும் அழகம்மாள் பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுக்கிறாள். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அடுப்படியைப் பார்த்து, "வாரேம்மா" என்று அழகம்மாளிடம் சொல்கிறாள். நிலைப்படியில் நிற்கும் ஒச்சம்மாளிடம் சொல்வதில்லை. சொல்ல வேண்டாம் என்று ஒச்சம்மாள்தான் சொல்லியிருக்கிறாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறாள். சாயங்காலம் நாலரைக்கு வந்துவிடுகிறாள்.