பாவாயி கையில் கட்டிய வாட்ச்

பேய், காத்து, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணையை முப்பது வருஷம் தனியாக நடத்தியவள், ஒருத்தர் முன்னால் தலை குனிந்ததில்லை. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, எழுதிவிடுகிறேன்.

பெங்களூரில் இருக்கும் என் மகள் ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டாள். ஒரு இதயத்துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அது அளக்குமாம், இடைவெளி கூடிக் குறைந்து இருந்தால் உடம்பு தெம்பாக இருக்கிறதாம், ஒரே மாதிரி இருந்தால் அலுத்துப்போச்சு என்று அர்த்தமாம், அது ஒரு எண்ணாக அவள் போனுக்குப் போய்விடும். எனக்குப் பதினெட்டு, இருபதுதான் வந்தது. தினமும் போன், தினமும் திட்டு. என்னையா ஒரு வாட்ச் தேறாதவள் என்கிறது என்று ரோஷம் வந்து, பண்ணையில் முட்டை எடுக்கிற பாவாயியின் கையில் அதைக் கட்டிவிட்டேன். எண் நாற்பதுக்கு ஏறியது.

“ஏம்மா, கொமரியாட்டம் ஆயிட்டியா?” என்றாள் மகள்.

“பின்ன, உங்கம்மான்னா சும்மாவா கண்ணு?” என்றேன், வெட்கமே இல்லாமல்.

ஒரு வெள்ளிக்கிழமை, கை அரிக்கிறது என்று பாவாயி கழற்றிக் கொடுத்துவிட்டாள். பீரோவில் வைத்துப் பூட்டினேன், சார்ஜ் தீர்ந்து அணைந்தே போனது. அதற்குப் பிறகும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாற்பது வந்திருக்கிறது என்று மகள் மெச்சினாள். பழைய எண்ணாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் பதறிக்கொண்டு கூப்பிட்டாள். “நம்பரு எட்டுக்கு எறங்கிருச்சும்மா. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போ.”

பீரோவைத் திறந்தேன். வாட்ச் இருண்டுதான் கிடந்தது. அது யாருடைய எண் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். பாவாயி கூப்பிடு தூரத்தில் கொட்டகையில் இருந்தாள். அவளைக் காரில் ஏற்றினால் எதற்கு என்று கேட்பார்கள், என் குட்டு வெளியே வந்துவிடும்.

“வெய்யிலுக்குக் கெறக்கம் கண்ணு, செரியாப் போச்சு” என்று போனை வைத்துவிட்டு, வட்டலில் சோறு போட்டுத் தின்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பாவாயி முட்டை அட்டைகளோடு விழுந்து கிடந்தாளாம். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கையும் காலும் தப்பியிருக்கும் என்றார் நாமக்கல் டாக்டர். உயிர் மட்டும் தப்பியது.

மூன்று மாதம் கழித்துத்தான் அவள் முகத்தைப் பார்க்கத் துணிவு வந்தது. கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, வாட்ச் சங்கதி, மகள் போன் பண்ணியது எல்லாம் சொன்னேன். கோணிய வாயால் மெல்லப் பேசினாள்.

“வாச்சு கெடக்குதுங்கம்மா. நான் உழுந்து கெடக்கறப்ப, கையில சோத்து வட்டலோட கொட்டக வாசப்படியில நின்னு பாத்துட்டே இருந்தீங்களே. அத்தன கூப்பிட்டனே, ஏனுங்க உள்ள வரல?”

நான் அன்றைக்கு வீட்டை விட்டு இறங்கவே இல்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சோறு தின்றதை மட்டும் சொல்லக் கூசி மறைத்திருந்தேன்.