ஆறாவது கட்டிலின் தூக்கம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். ஆனால் இது எனக்கே நடந்தது.

மனநல மருத்துவமனையில் பெண்கள் வார்டு நர்ஸ் நான். மொத்தம் எட்டுக் கட்டில். இரவுச் சாப்பாடு முடிந்ததும் தூக்க மாத்திரை கொடுப்பேன். சிலர் அதை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்து, பிறகு துப்பிவிடுவார்கள். அதனால் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்ப்பேன். எனக்கு அங்கே பெயரே 'டார்ச் அக்கா'. என் கண்ணில் யாரும் மண்ணைத் தூவியதில்லை என்று கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆறாவது கட்டிலுக்கு ஒரு தையல்காரி வந்தாள். சிரிப்பு இல்லை, தூக்கம் இல்லை, கண்ணைச் சுற்றிக் கருவளையம். கூட்டி வந்த அவள் அம்மா நல்ல கலகலப்பு. ஆனால் மகள் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவே இல்லை.

அன்று மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கினாள். பிடித்துவிட்டேன்.

"வேணாம்க்கா... நான் தூங்கினா அது எழுந்திரிச்சிரும். உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எது எழுந்திரிக்கும்?"

அழுதாள். பாவமாக இருந்தது. ஆனால் தூங்காமல் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? கெஞ்சி, அதட்டி, விழுங்க வைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். வாய் காலி.

மணி ஒன்பது பத்து. அடித்துப் போட்டது போல் தூங்கினாள். விளக்கைக் குறைத்துவிட்டு வாசலோர மேசையில் போய் உட்கார்ந்தேன்.

ஒன்பது இருபது.

க்ளிக்.

டார்ச் சுவிட்ச் சத்தம். என் டார்ச் என் பையில்தான் இருந்தது...

கோடியில், எட்டாவது கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்தாள். கண் மூடியே இருந்தது. நாக்கு மேலே எழும்பியது. வாய் மூடிக்கொண்டது.

க்ளிக். ஏழாவது கட்டில். அதே மாதிரி.

ஆறாவது கட்டிலை மட்டும் விட்டுவிட்டது.

க்ளிக். ஐந்து... நான்கு... மூன்று...

எழ முடியவில்லை. கத்த முடியவில்லை.

இரண்டு... ஒன்று...

க்ளிக்.

என் வாய் தானாகத் திறந்தது. நாக்குக்கு அடியில் சில்லென்று ஒரு விரல்...

மறுநாள் தையல்காரி சிரித்தபடி எழுந்தாள். சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்கக்கா. அம்மாவும் இப்படித்தான் மாத்திரை வேணாம்னு அழுதாங்க. நான்தான் கட்டாயப்படுத்தி முழுங்க வச்சேன்."

அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கண் அசந்தால் உள்ளே ஏதோ எழுந்து உட்காருகிறது. டாக்டர் எனக்கும் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இதோ, என் மகள் மாத்திரையும் தண்ணீருமாக நிற்கிறாள். எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். இன்னொரு கையில் என் டார்ச்.

"ஏம்மா இப்படி அடம் பிடிக்கிற? வாயைத் திற."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை நாள் தாங்குவேனோ...