மதுமதியின் பெண் ஃபைட்டர்கள்

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் தோண்டும் ரிக் வண்டிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டால் புருஷன் முகத்தைப் பொங்கலுக்கும் ஆயுத பூசைக்கும் பார்க்கலாம். மற்ற நாளெல்லாம் போனில் வரும் குரல்தான். மேச்சேரியிலிருந்து மருமகளாக வந்த மதுமதிக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கணவன் ஈஸ்வரும் மாமனார் கந்தவேலும் கர்நாடகத்தில் ஊர் ஊராகப் போய் போர் போட்டுக்கொண்டிருக்க, அத்தனை பெரிய வீட்டில் அவளும் மாமியார் சௌந்திரமும் டி.வி.யும்தான் மிச்சம். அழுது பார்த்தாள். அதுவும் அலுத்துப்போயிற்று. அப்புறம்தான் கூடத்தில் மீன்தொட்டி வைத்தாள்.

மீன் கடையில் ஃபைட்டர் என்கிற சண்டை மீன்களில் பெண் மீன்கள் மட்டும் சீந்துவாரற்று ஒரு மூலையில் கிடந்தன. ஆணுக்குத்தான் தோகை மாதிரி வால். குட்டை வால்காரியை எவன் வாங்குவான்?

"ஃபைட்டருங்கக்கா, ஒன்னையொன்னு கடிச்சே கொன்னுபோடும். மத்த மீனோட மட்டும் உட்றாதீங்க" என்றார் கடைக்காரர்.

கூடாது என்று யார் சொன்னாலும் மதுமதிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இருந்த அத்தனையையும் வாங்கி வந்து, நியான் டெட்ரா என்ற குட்டி மீன்களோடும் அடி மணலில் இரை தேடும் கோரி மீன்களோடும் விட்டாள்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. முதல் வாரமே நீலக்காரி ஒருத்தி மற்ற மீன்களை ஓட ஓட விரட்டினாள். மதுமதி அவளைப் பிடித்துத் தனி ஜாடியில் போட்டாள். தொட்டிக்குள் கல்லையும் செடியையும் இடம் மாற்றி, ஒளிந்துகொள்ள நிறைய சந்துபொந்து வைத்தாள். சில நாள் கழித்துத் திரும்ப விட்டபோது, தான் ஆண்ட இடம் எதுவென்றே நீலக்காரிக்குப் பிடிபடவில்லை. வம்பு ஒருவழியாக அடங்கியது. அன்றைக்கு மதுமதிக்கு வந்த பெருமை கல்யாணத்தன்று கூட வந்ததில்லை.

அந்தச் சமயம் பார்த்து, கர்நாடகத்தில் போட்ட போரெல்லாம் வரிசையாகப் பொய்த்தது. பாறையில் துளை போட்டால் புழுதி வராமல் பன்னீரா வரும்? ஆனால் கந்தவேலுக்கு வேறு காரணம் கிடைத்துவிட்டது.

"ஊட்டுக்குள்ள தண்ணியக் கண்ணாடியில அடைச்சு வச்சா பூமியில எங்க சாமி தண்ணி வரும்?" என்றார் போனில். "நாளைக்கு ஒரு பெரிய தோட்டத்துல போர் இறக்கறோம். அதுக்குள்ள காலி பண்ணிப்போடு."

"ரிக்கு கூட வர்ற லாரியில டேங்கு நெறையத் தண்ணி அடைச்சு வச்சிருக்கீங்களே, மாமா. மொதல்ல அதத் தொறந்து உடுங்க."

போன் கட்டாயிற்று. சற்று நேரத்தில் ஈஸ்வர் கூப்பிட்டான்.

"மீனுதான மது, அப்பா சொல்றதக் கேட்டுப்போட்டுப் போயேன்."

"மீனுதானன்னு சொல்றதுக்கு நீங்க இந்தக் கூடத்துல தனியா ஒக்காந்து பாத்திருக்கோணும். என்னால முடியாதுங்க."

மறுநாள் மத்தியானம் கந்தவேல் அழைத்தபோது சௌந்திரம் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தண்ணி பீச்சி அடிக்குது! தொட்டியக் காலி பண்ணுனதும் எப்படிக் கெடச்சுது பாத்தியா? எம்மருமவ தங்கம்!"

மதுமதி திகைத்து மாமியாரைப் பார்த்தாள். சௌந்திரம் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "நான்தான் காலையில காலியாயிருச்சுன்னு சொல்லிப்போட்டேன். கம்முனு இரு கண்ணு. மீனும் இருக்கும், அவரும் சந்தோசமா இருப்பாரு" என்றாள்.

நல்ல மனசுதான். ஆனால் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டால் அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் தொட்டியை மாடிக்குத் தூக்கி ஒளிக்க வேண்டும். அதைவிட, தண்ணீர் கிடைக்காமல் போனது இவளால்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இனி எந்த ஊரில் எந்தப் போர் பொய்த்தாலும் விரல் இவளை நோக்கித்தான் நீளும். மதுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமும் இல்லாமலில்லை. போனை வாங்கினாள்.

"தண்ணி வந்தது ரொம்ப சந்தோசமுங்க, மாமா. ஆனா தொட்டிய நான் காலி பண்ணலீங்க. ஒரு சொட்டுகூடக் கொறையல. அது இருக்கும்போதேதான் உங்களுக்குத் தண்ணி வந்திருக்குது."

மறுமுனையில் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லி அவர் யாரையோ அதட்டுவது கேட்டது.

"அப்ப அது அங்கயேதான் இருக்குமா?" என்றார் கந்தவேல்.

"ஆமாங்க மாமா. அடுத்த போரு பொய்ச்சுப்போனாலும் இங்கயேதான் இருக்கும்."