மூன்று நாள் காணும் என்று சொன்ன கதை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு கொப்பியை மூடினவள் நான். எழுத்துப் பிழை இருக்கும், இடையில் மறந்தும் போவேன், ஒன்றைச் சொல்ல வெளிக்கிட்டு வேறொன்றுக்குள் போய் நிற்பேன். கோபிக்க வேண்டாம். எங்கள் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி மலர் வேலை பார்க்கிற பிள்ளை கேட்டபோது, "உது எனக்குச் சரிவராது பிள்ளை" என்று சொன்னேன். கோயிலில் கண்டு இன்னொருக்கால் கேட்டா. "ஆரும் படிச்ச ஆக்களைக் கேளுங்கோவன்" என்று நழுவிவிட்டேன். மூன்றாம் தரம் வீட்டுக்கே வந்துவிட்டா. மூன்றாம் தரமும் கேட்டால் பிறகு நான் என்ன செய்யிறது? அந்தப் பிள்ளை இரண்டோடு விட்டிருந்தால் இந்தக் கதை என்னோடேயே போயிருக்கும்.

போன சனிக்கிழமை மகள் கௌரி ஓல்னேயிலிருந்து வந்தாள். இரண்டு பேருமாக பாரிஸ் லாச்சப்பலில் எங்கடை தமிழ்க் கடைகளில் மரக்கறி வாங்கிக்கொண்டு, தேத்தண்ணி குடிக்கப் போய் இருந்தோம். அப்போதுதான் கடலை வடை பொரித்துப் போட்டிருந்தார்கள். வடைக்குள் போட்ட பெருஞ்சீரகம் சூட்டோடு மணக்கிறது. கடைக்காரப் பிள்ளை என் தட்டைப் பார்த்து, "இன்னொரு வடை வைக்கட்டோ அன்ரி?" என்று கேட்டா.

"வேண்டாம் பிள்ளை, காணும், போதும்."

அவ சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டா. நான் வடைத் தட்டத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கௌரி கைத்தொலைபேசியில் எதையோ தட்டிக்கொண்டே, "அம்மா, லீவுக்கு ஒரு சின்னத் தீவு பாத்து வைச்சிருக்கிறன். இத்தாலிப் பக்கம். நாலு நாளோ, ஏழு நாளோ? இப்ப சொன்னால் இப்பவே ரிக்கற் போட்டுவிடலாம்" என்றாள்.

"எனக்கென்ன, நாலு காணும்" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் விளங்கியது. முப்பது வருசத்துக்கு மேலாகியும் அதே பிழை. அதுவும் பெருஞ்சீரக மணத்துக்குள் இருந்துகொண்டு.

பெருஞ்சீரகத்துக்கும் தீவுக்கும் என்ன என்று கேட்பீர்கள். வருகிறேன்.

அப்போது கௌரிக்கு ஏழு வயது. நான் கிழமையில் இரண்டு நாள் ஒரு மடாமின் வீட்டைத் துப்புரவாக்கப் போவேன். தனிக் கிழவி. கிழவி என்று எழுத எனக்கே சிரிப்பு வருகிறது; இப்போது எனக்கு இருக்கிற வயதுதான் அன்றைக்கு அவவுக்கு. நல்ல மனுசி. ஆனால் தூசி தட்டின புத்தகத்தை இருந்த வரிசையிலேயே வைக்க வேண்டும். எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாதபடியால் நிறத்தைப் பாடமாக்கி வைத்திருந்தேன்: பச்சை, பச்சை, மண்ணிறம், கிழிஞ்சது, பச்சை.

அந்த மடாமுக்குத் தெற்கே ஒரு சின்னத் தீவில் இரண்டறை வீடு ஒன்று இருந்தது. போர்க்கரோல் என்று பேர், சரியாக எழுதினேனோ தெரியாது. அந்த வருசம் முழங்காலில் ஒப்பரேசன் செய்ததால் அவவால் வள்ளம் ஏற முடியாது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு இருத்தி, "வீடு பூட்டிக் கிடக்கு. அத்திமரம் பழுத்துக் கொட்டுது. நீயும் புருஷனும் பிள்ளையும் போய் இருந்திட்டு வாங்கோ. பதினைஞ்சு நாள்" என்று சொன்னா.

பதினைந்து நாள்! இவர், அதுதான் என் வீட்டுக்காரர், ஒரு றெஸ்ரோறன்ரில் குசினி வேலை. ஆவணி முழுக்க அது பூட்டு. கௌரிக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எங்களுக்கு என்ன தடை? எனக்குள்ளே மனம் துள்ளுது. ஆனால் எங்கடை ஆக்களுக்கு முதல் தரம் வேண்டாம் என்று சொல்லுவது வணக்கம் சொல்லுகிற மாதிரி. இரண்டாம் தரம் வேண்டாம் என்பது மரியாதை. மூன்றாம் தரம் சொல்லுவதுதான் பதில். நான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். மூன்றில் தொடங்குவம், மடாம் "சீச்சீ, பத்தாவது இரு" என்பா, நான் "ஐயோ, ஐஞ்சு போதும்" என்பேன், அவ விடமாட்டா, கடைசியில் பத்தில் போய் நிற்கும்.

"நோன் மடாம், நோன்! மூண்டு நாள் காணும்" என்று மூன்று விரலைக் காட்டிச் சொன்னேன்.

மடாம் கண்ணாடியைப் போட்டா. கலண்டரை எடுத்தா. மூன்று நாளுக்கு மேல் மூன்று கோடு கீறினா. "தக்கோர்", சரி என்று சொல்லிப் பேனை மூடியை டக்கென்று மூடினா. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நான் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன், இன்னொருக்கால் கேட்பா என்று. கேட்கவில்லை. பிறகு யன்னல் கண்ணாடியைத் துடைத்தேன். கதவுப் பிடிகளையும் மினுக்கினேன். அன்றைக்கு மாதிரி அந்த வீடு ஒருநாளும் துப்புரவாக இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"மடாம் எத்தினை நாள் தந்தவ?"

"பதினைஞ்சு."

"நீர் எத்தினை எடுத்தனீர்?"

"மூண்டு."

இவர் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டார். "உமக்கென்ன விசரே?"

"அவ திருப்பிக் கேப்பா எண்டு நினைச்சன்."

"அவ வெள்ளைக்காரியப்பா. அவைக்கு வேண்டாம் எண்டால் வேண்டாம்தான்."

எனக்கும் ரோசம் வந்துவிட்டது. "நீங்கள் மட்டும் என்னவாம்? முதலாளி உங்களை இருந்துகொண்டு வெங்காயம் வெட்டச் சொல்லிக் கதிரை தந்தவர். 'வேண்டாம் முசியே' எண்டு சொல்லிப்போட்டு ஆறு வருசமா நிண்டுகொண்டு வெட்டுறியள்!"

இவர் திரும்பவும் அகப்பையை எடுத்தார். உண்மைதானே. அந்தக் கதிரையை முதலாளி கொண்டுபோய்த் தன் மேல்சட்டையைப் போட வைத்திருந்தாராம்.

இதற்குள் நான் லாச்சப்பலில் சாமான் எல்லாம் வாங்கி முடித்திருந்தேன், பத்து நாள் கணக்கில். திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்ததால் எல்லாவற்றையும் கட்டினேன். பையைத் தூக்கின இவர், "மூண்டு நாளுக்கு அஞ்சு கிலோ அரிசியோ? தீவிலை அன்னதானம் குடுக்கப் போறீரோ?" என்று பாரிசிலிருந்து கடற்கரை வரைக்கும் பகிடி பண்ணிக்கொண்டே வந்தார். வள்ளத்தில் ஏறினபிறகு, "தீவிலை பிறந்த ஆளைத் தீவுக்கு வக்கான்ஸ் கூட்டிக்கொண்டு போறன்" என்று அதற்கும் ஒரு சிரிப்பு. நான் புங்குடுதீவு.

தீவில் கார் இல்லை. இறங்கினவுடன் தைல மணம். ஊருக்கு நடுவே எல்லாம் தைல மரம். வீட்டுக்குப் போகிற மண்பாதையின் இரண்டு பக்கமும் மஞ்சள் பூவோடு பெருஞ்சீரகச் செடி தன்பாட்டில் வளர்ந்து நிற்கிறது. கையால் கசக்கி மணந்தேன். அசல் கடலை வடை. இப்போது விளங்குதுதானே?

வீட்டைத் திறக்கிற திறப்பைப் பக்கத்து வீட்டு அம்மா வைத்திருந்தா. கறுப்புச் சட்டை, பெரிய குரல், இத்தாலிப் பக்கமிருந்து வந்த வழி. நாங்கள் அவவுக்குத் திறப்பு மடாம் என்று பேர் வைத்தோம். நாங்கள் பையை இறக்க முதல் ஒரு சட்டி மீன் கறியோடு வந்து நின்றா. "நோன் மடாம், வேண்டாம்" என்றேன். காதில் விழாத மாதிரிக் கோப்பையில் ஊற்றினா. "காணும், காணும்" என்று கையை வைத்து மறைத்தேன். கையை எடுத்துவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினா. எனக்கு அழுகை வராத குறை. பிரான்சுக்கு வந்த பிறகு என் "வேண்டாம்" என்பதைச் சரியாக விளங்கிக்கொண்ட முதல் வெள்ளைக்காரி அவதான்.

முதல் ஒன்றரை நாளும் நான் அந்த வீட்டைக் கூட்டித் துடைத்தேன். வக்கான்ஸ், லீவு என்றால் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாதே. இரண்டாம் நாள் பின்னேரம் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடலில் கணுக்கால் வரை நின்றேன். கௌரி தண்ணீருக்குள் மீனாய்க் கிடந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம். சாப்பிட்டுவிட்டு இவர் அத்திமரத்துக்குக் கீழே சாய்கதிரையில் படுத்தார். நான் கோப்பை கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், நல்ல நித்திரை. கலியாணம் கட்டிப் பத்து வருசம். பகலில் இவர் நித்திரை கொண்டதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். நின்று நின்று வீங்கின கால் இரண்டும் ஒரு மர வாங்கில் கிடந்தது. பழுத்த அத்திப்பழம் ஒன்று விழுந்து வயிற்றில் உருண்டது. எழும்பவில்லை. நான் பக்கத்தில் குந்தியிருந்து அந்தக் காலையே பார்த்தேன். நாளைக்குக் காலமை வள்ளம். இந்த நித்திரைக்கு ஒரு நாள் காணாது என்று எனக்குப் பட்டது.

எழும்பித் திறப்பு மடாம் வீட்டுக்குப் போனேன். அவவிடம்தான் தொலைபேசி இருந்தது. கௌரியும் பின்னால் ஓடி வந்தாள்.

"நாளைக்குப் போறியளோ? ஏன்?" என்று கேட்டா.

"மூண்டு நாள் காணும்" என்றது என் வாய். பாருங்கோ, கேட்கப் போன இடத்திலும்!

அவ என் முகத்தை ஒருக்கால் பார்த்தா. பாரிஸ் மடாமின் நம்பரைச் சுழற்றி என் கையில் தந்துவிட்டா.

"மடாம், கடல் நல்ல வடிவு" என்று தொடங்கினேன்.

"ஓ, சந்தோசம்."

"அத்திப்பழம் கனக்க இருக்கு மடாம். இன்னும் பழுக்காததும் கிடக்கு."

"நல்லது, சாப்பிடுங்கோ."

"யன்னல் ஒண்டு இன்னும் துடைக்கேல்லை."

"பரவாயில்லை, விடு."

இதற்கு மேல் எப்படிக் கேட்பது? கௌரி என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்து, "மமோ வெ ரெஸ்தே!" என்று கத்தினாள். அம்மாவுக்கு இருக்க விருப்பம். மூன்றே சொல்லு. இத்தனை நாளாய் நான் சுமந்தது.

மடாம் சிரித்தது எனக்கே கேட்டது. "அதுக்கென்ன! ஏன் முதலே சொல்லேல்லை? இன்னும் எத்தினை நாள் வேணும்?"

கௌரி தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி, நெஞ்சை நிமிர்த்தி, "ஒரு நாள் மடாம்" என்றேன்.

"தக்கோர்" என்று வைத்துவிட்டா.

திறப்பு மடாம் ஒரு விரலை என் மூக்குக்கு முன்னால் ஆட்டி, "ஒண்டோ? ஒண்டோ?" என்று தன் பாசையில் பேசின பேச்சு, விளங்காமலே எனக்கு நல்லாய் விளங்கியது. பேசிக்கொண்டே ரயில் ரிக்கற்றையும் மாற்றித் தந்தா.

நான் திரும்பி வர இவர் ஒரு கண்ணைத் திறந்தார். "கேட்டனீரோ? எத்தினை?"

நானும் ஒரு விரலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்த விரலைப் பார்த்தார். பிறகு சாய்கதிரை கிறீச்சிட ஒரு சிரிப்பு. "அப்ப நாளைக்கும் படுக்கலாம்" என்று சொல்லி மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

நாலாம் நாள் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். இப்போது பார்த்தால் அதில் எழுத ஒன்றும் இல்லை. நான் கூட்டவில்லை. இவர் படுத்திருந்தார். இடையில் எழும்பி, "நீர் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "உண்மையாவோ?" ஓம். "அப்ப இந்தப் பழத்தையும் சாப்பிடும்." மூன்றாம் தரத்தில் சாப்பிட்டேன்.

வெளிக்கிடும்போது மிஞ்சின அரிசியையும் மிளகாய்த்தூளையும் திறப்பு மடாமிடம் நீட்டினேன். வேண்டாம் என்றா. இன்னொருக்கால் நீட்டினேன், வேண்டாம் என்றா. மூன்றாம் தரம் வாங்கினா. அவவும் எங்கடை ஆள்தான்.

அடுத்த வருசம் வெட்கப்படாமல் பதினைந்து என்று சொல்லுவது என்று ரயிலிலேயே முடிவெடுத்தோம். இவர் என்னைச் சொல்ல வைத்துப் பழக்கியும் பார்த்தார். அந்த மாரியில் மடாம் வீட்டை விற்றுவிட்டா, முழங்கால் சரிவரவில்லை. இப்போது மடாமும் இல்லை. இவருடைய றெஸ்ரோறன்ர் இருந்த இடத்தில் தொலைபேசி விற்கிறார்கள். இவர் போய் ஆறு வருசம்.

இப்போது எல்லாரும் ஒருக்கால்தான் கேட்கிறார்கள். லாச்சப்பலிலும் அப்படித்தான். பிழை சொல்லவில்லை, அவரவருக்கு வேலை. கௌரியின் தொலைபேசியும் ஒருக்கால்தான் கேட்கும். விரல் பட்டால் முடிந்தது. என்னை மூன்று தரம் கேட்க வீட்டில் இருந்த ஆள் ஒருவர்தான்.

அன்றைக்கு அந்தத் தேத்தண்ணிக் கடை மேசையில் கௌரியின் விரல் கீழே இறங்கிக்கொண்டு இருந்தது.

"கௌரி!" என்றேன். பக்கத்து மேசைக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஏழு."

"நாலு காணும் எண்டனீங்கள்?"

"ஏழும் காணாது."

அவள் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு அந்த ஏழு வயதுக் குரலில், "மமோ வெ ரெஸ்தே?" என்று கேட்டாள். எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறாள், கள்ளி.

"உய், ஓம்" என்றேன். முதல் தரத்திலேயே.

"எட்டு நாளுக்கு மேலை எனக்கு லீவு இல்லை அம்மா."

"அப்ப எட்டு."

அந்தத் துணிவோடேயே திரும்பி, "பிள்ளை, அந்த வடையைக் கொண்டு வாங்கோ" என்றேன்.

"ஐயோ அன்ரி, நீங்கள் வேண்டாம் எண்டனீங்கள். முடிஞ்சுது." தட்டம் வெறுமையாய்க் கிடந்தது. அடியில் இரண்டு பெருஞ்சீரகம்.

மலர் போடுகிற பிள்ளை, இதை அச்சுக்குக் கொடுக்க முதல் கௌரியிடம் ஒருக்கால் காட்டிச் சரிபாருங்கோ. தீவின் பேர், அரிசி ஐந்து கிலோவோ பத்து கிலோவோ, மடாம் சொன்னது பதினைந்துதானோ என்று எனக்கு நிச்சயமில்லை. அவள் நேரமில்லை என்பாள். விடாதையுங்கோ, இன்னொருக்கால் கேளுங்கோ. அத்திமரத்துக்குக் கீழே இவர் எவ்வளவு நேரம் படுத்தவர் என்று மட்டும் அவளிடம் கேட்க வேண்டாம். அது எனக்குத் தெரியும்.