ஹாஜியாரின் சுவரும் எங்கள் கர்ட்டனும்

போன ஞாயிற்றுக்கிழமை நான் கர்ட்டன் கம்பியாக வேலை பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது... ஆனால் உங்களிடம் எதை மறைத்திருக்கிறேன்? சாப்பாட்டு மேசைக் கதிரை மேல் ஏறி, இரண்டு கைகளையும் விரித்து, துணியைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம்!

தெமோதரையிலிருந்து பதுளை டவுனுக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. மனைவி சாந்தி இங்கே டீச்சர். முழங்கால் வலியோடு தினமும் இரண்டு பஸ் மாறி வந்தவள். இப்போது பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். இப்படி ஒரு வீட்டுக்காக எத்தனை மாதம் அலைந்தோம்! கீழே வீட்டுக்கார ஹாஜியார், மேலே நாங்கள். சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னது ஒன்றுதான்.

"சேர், சுவர்ல மட்டும் ஆணி அடிச்சிராதீங்க. டிரில்லும் வேணாம்."

"சேச்சே!" என்றேன்.

நான் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் சாமி படத்துக்கு, குடைக்கு, காலண்டருக்கு என்று ஆணி அடிக்காத இடமே கிடையாது. அந்தச் சுவர் கம்பெனிக்குச் சொந்தம். ஒரு துரையும் வந்து ஆணியை எண்ணவில்லை. மாதாமாதம் வாடகை கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் மனிதனுக்குச் சுவரைக் கண்டால் பயம் வருகிறது — ஏன் என்று யாராவது சொல்லுங்களேன்.

கர்ட்டன் இல்லாமலும் முடியாது. பின்பக்கம் மேட்டுத் தெரு. எல்ல என்ற ஊருக்குப் போகிற பஸ் எங்கள் ஹால் ஜன்னலுக்கு நேராக வந்து நிற்கும். ஒருநாள் காலை பஸ்ஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் எனக்குக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். இடுப்பில் வெறும் சாரத்தோடு நிற்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"டாட்டா வேற!" என்றாள் சாந்தி.

ஒட்டும் கொக்கி வாங்கினேன். பேப்பரை உரித்துச் சுவரில் ஒட்டினால் போதும் என்று வீடியோவில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மழைக்காலத்தில் பதுளைச் சுவருக்கு வியர்க்கும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்... இருந்தும் ஒட்டினேன். ஞாயிறு காலை கம்பி, துணி, கொக்கி எல்லாம் சேர்ந்து தடாலென்று விழுந்தன. கூடவே ரொட்டி அளவுக்கு இரண்டு இடத்தில் பெயின்ட்டும்.

படியில் செருப்புச் சத்தம்.

"என்னங்க, ஹாஜியார் வர்றாரு! சுவரப் பாத்தா வீட்ட விட்டுப் போகச் சொல்லிருவாரு. மறுபடி ரெண்டு பஸ் ஏற என்னால முடியாதுங்க!"

துணியை வாரிக்கொண்டு கதிரையில் ஏறினேன்.

ஹாஜியார் வந்து உட்கார்ந்தார். சாந்தி இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்தாள்.

"என்ன சேர் சத்தம்?"

"கதிரை விழுந்துருச்சு ஹாஜியார்."

"எறங்குங்களேன், டீ ஆறுது."

"நீங்க குடிங்க. நான் வெளிச்சம் எப்படி வருதுன்னு பாக்குறேன்."

"சுவரப் பாத்துக்கிட்டா?"

மழையைப் பற்றிப் பேசினார். ரயில் தாமதம் பற்றிப் பேசினார். என் கைகள் முதலில் வலித்தன, பிறகு நடுங்கின, பிறகு என்னுடையவை இல்லை என்று ஆகிவிட்டன. துணி சரிந்தது. சாந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹாஜியார் எழுந்து வந்து சுவரைத் தடவினார். "ஆணி அடிக்கலியே?"

"சத்தியமா இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்!" நெஞ்சில் கைவைத்தார். "உள்ளுக்கு தண்ணி பைப் போகுது சேர். எங்க போகுதுன்னு போட்டவனுக்கே தெரியாது. முன்ன இருந்தவரு போட்டோ மாட்ட ஓட்ட போட்டாரு — கீழ எங்க வீட்டுல மழை! பெயின்ட் போனா பூசிக்கலாம். ஜன்னல் நிலை மரம்தானே? அதுல கொக்கிய கையாலயே முறுக்கிவிட்டு ஸ்பிரிங் கம்பிய மாட்டுங்க."

"அப்ப நாங்க இருக்கலாமா?" என்றாள் சாந்தி.

"இதென்ன கேள்வி டீச்சர்!"

நான் விட்ட பெருமூச்சில் ஜன்னலே திறந்திருக்கும். வாடகைக்கு இருப்பவனின் பயத்தில் பாதி, 'ஏன்?' என்று ஒரு வார்த்தை கேட்காததால் வருவது. படித்தவன் வேறு... எப்படிக் கேட்பான்?

சாயங்காலமே கர்ட்டன் ஏறிவிட்டது. பார்க்க வந்த ஹாஜியார் பஜாரில் புடவைக்கடை வைத்திருப்பவர். நான் வேறு கடையில் வாங்கிய துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சேர், இத மறைக்க இன்னொரு கர்ட்டன் வேணுமே."