கை நனைக்க ஒரு இருட்டு

கண் போனது அவருக்கு; ஓட்டல் போனது எனக்கு. இப்படிச் சொன்னால் இவள் என்ன பெண் என்று தோன்றும். தோன்றட்டும். புருஷனுக்குப் பார்வை போன துக்கத்தை நான் அழுது தீர்த்த கதை வேறு. அழுது முடித்த பிறகும் மூன்று வேளை அடுப்படியில் நின்றேனே, அந்தக் கோபத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

2004-ல் எல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. என் வீட்டுக்காரருக்குச் சிதம்பரத்தில் கரண்ட் ஆபீஸ் வேலை. கம்பம் ஏறி இறங்கிய களைப்போடு வருவார், குளிப்பார், வெள்ளைச் சட்டை போடுவார், என்னையும் பெண்ணையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். சில சனிக்கிழமை கடலூர் வரைக்கும் போவோம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் கால் நனைத்துவிட்டு, மஞ்சக்குப்பத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம்.

அவர் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ரசம் சாதம் சாப்பிட்டாலும் இலையைத் தாண்டி ஒரு பருக்கை போகாது. விரல் நுனியைத் தாண்டி ஈரம் ஏறாது. அதனாலேயே மற்றவர்களை விடமாட்டார். பக்கத்து மேஜைக்காரர் சாம்பாரை முழங்கை வரை வழியவிட்டால், "அந்த ஆளப் பாரேன், சாப்புட வந்தாரா குளிக்க வந்தாரா?" என்று என் காதில் சொல்வார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிப்பேன்.

பிறகு கண்ணில் பிரஷர் என்றார்கள். பாண்டிச்சேரிக்கு அலைந்தோம். முன்னாடியே வந்திருக்கணும் என்று டாக்டர் சொன்னார். எல்லா டாக்டர்களும் சொல்லும் வார்த்தைதான், ஆனால் எங்கள் விஷயத்தில் அது உண்மையாகப் போய்விட்டது. ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, 2009 முடிவதற்குள் முழுசாக இருட்டிவிட்டது.

அவர் முடங்கிப்போனார் என்று சொன்னால் பொய். குச்சியைத் தட்டிக்கொண்டு தெருக்கோடி டீக்கடைக்குப் போகக் கற்றுக்கொண்டார். ரேடியோவில் கிரிக்கெட் கேட்டார். வேட்டியை மடித்து அடுக்கினார், என்னைவிட ஒழுங்காக. ஒன்றே ஒன்றுதான் முடியாது என்றார். அடுத்தவர் எதிரில் சாப்பிடுவது.

அதற்குக் காரணம் வடலூரில் ஒரு கல்யாணம். பார்வை போன புதிது. பந்தியில் உட்கார்ந்தவர் கை தெரியாமல் பக்கத்து இலைக்குப் போய், அங்கே இருந்த ஜாங்கிரியை எடுத்துவிட்டது. பக்கத்து இலைக்காரர் நல்ல மனுஷர், "சாப்புடுங்க, சாப்புடுங்க" என்றார். எதிர்வரிசையில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அவர் ஜாங்கிரியை வைத்துவிட்டு எழுந்தார். அன்றோடு சரி. வீட்டிலும் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவார். ஊரார் சாம்பாரில் குளித்ததைப் பார்த்துச் சிரித்தவர் ஆயிற்றே, தன்னைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. அதன் பிறகு பெண்ணுக்குச் சம்பந்தம் வந்தது.

பெண் நர்ஸ் படித்துவிட்டுக் கடலூரில் வேலையில் இருந்தாள். மாப்பிள்ளை வீடு திருப்பாதிரிப்புலியூர். பையனுக்கு நெய்வேலியில் வேலை. இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. இவருக்குப் பார்வை இல்லை என்று அவர்களுக்குத் தெரியும், அதைப் பெரிய விஷயமாக அவர்கள் எடுக்கவும் இல்லை. வீடு பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார்கள், போனோம்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும் வீட்டில் காபி குடிக்கலாம், பஜ்ஜி தின்னலாம், அதெல்லாம் கணக்கில் வராது. இலை போட்டுச் சாப்பிட்டால்தான் கை நனைத்ததாக அர்த்தம். கை நனைத்தால் சம்மதம். இலை போட்ட பிறகு கை நனைக்காமல் எழுந்தால், உங்கள் சம்பந்தம் வேண்டாம் என்று வாய் திறக்காமல் சொன்ன மாதிரி.

மாப்பிள்ளையின் அம்மா வாழை இலை போட்டு, பாயசம் வரை வைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். இவர், "வயிறு சரியில்ல, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லி நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அந்த அம்மாவின் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். இவருக்குத் தெரிய வழியில்லை. அடுத்து இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். கிளம்பும் நேரத்தில் இவர் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. "அக்கா, உங்களுக்குப் புடிக்கலன்னா நேராவே சொல்லிடுங்க. எங்களுக்கும் வேற எடத்துலேர்ந்து கேட்டுகிட்டு இருக்காங்க. இந்த ஞாயித்துக்கிழம வர்றீங்களான்னு மட்டும் சொல்லுங்க, போதும்." மரியாதையாகத்தான் சொன்னார்கள். பெண் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், விருட்டென்று மாடிக்குப் போய்விட்டாள்.

"காரணத்த சொல்லிடட்டுமா?" என்று அவரிடம் கேட்டேன்.

"சொன்னா என்னா ஆவும்? பாவம்னு ஸ்பூன எடுத்துகிட்டு வருவாங்க. சம்பந்தி வூட்டுல எனக்கு ஊட்டிவுடணுமா?"

"அப்ப பொண்ணு கல்யாணம்?"

அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, துலக்கிக்கொண்டிருந்த பாத்திரங்களை எல்லாம் ஒருமுறை உருட்டிவிட்டேன்.

அந்த வாரம் லீவில் இருந்த பெண் ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "ஏம்ப்பா, வெளிநாட்டுல ஒரு ஓட்டல் இருக்குதாம். உள்ள கும்மிருட்டு. எதுவும் தெரியாமத்தான் சாப்புடணும். அதுக்கு ஜாஸ்தி காசு குடுத்து, முன்கூட்டியே எடம் புடிச்சி போறாங்களாம்."

"அதுக்கா காசு குடுக்கறாங்க? நம்ம ஊர்ல எங்க ஆபீஸ்ல சும்மாவே குடுக்கறோமே" என்றார் அவர்.

அது 2012. கரண்ட் வருவதுதான் அதிசயமாக இருந்த வருஷம். அவர் வேலையை விட்டு எத்தனையோ நாள் ஆகியும், தெருவில் கரண்ட் போனால் எங்கள் வீட்டு வாசலில் வந்துதான் திட்டுவார்கள். பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தேன்.

அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர், என்னை அண்ணி என்று கூப்பிடுவார். "தம்பி, கடைத்தெருவுல சாயங்காலம் எப்ப கரண்ட் கட்டு?" என்று கேட்டேன்.

"ஏழுக்குப் போனா எட்டுக்குத்தான் அண்ணி. ஏன், எதாச்சும் வாங்கணுமா?"

"ஜெனரேட்டர் இல்லாத ஓட்டல் எது?"

"ஜெனரேட்டர் இல்லாததா?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு கீழவீதிப் பக்கம் ஒரு பழைய ஓட்டலைச் சொன்னார். "அங்க ஜெனரேட்டர் கெடையாது, இன்வர்ட்டரும் கெடையாது. மொதலாளி அவ்ளோ கஞ்சம். அங்க எதுக்கு அண்ணி போறீங்க?"

வீட்டுக்காரரிடம் எதையும் மறைக்கவில்லை. இன்றைக்கு நான் அடுப்புப் பற்ற வைக்க மாட்டேன் என்றேன். பார்சல் வாங்கி வா என்றார். வாங்க மாட்டேன் என்றேன். "அந்த ஓட்டல்ல உள்ரூம்ல ஜன்னல் கெடையாது. எட்டு மணி வரைக்கும் கரண்ட் வராது. ஒருத்தன் கண்ணுக்கும் நீங்க தெரியமாட்டீங்க. வந்தா கத்தரிக்கா கொத்சும் இட்லியும். வரலன்னா பட்டினி."

அவர் வெகுநேரம் குச்சியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "கொத்சு அங்க நல்லாருக்கும்" என்றார். பீரோவைத் தடவி வெள்ளைச் சட்டையை அவரே எடுத்தார்.

ஐப்பசி மாதம், வானம் மூடிக்கிடந்தது. நாங்கள் உள்ளே போய் உட்காரவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. உள்ரூமில் ஏற்கெனவே மூன்று மேஜையில் ஆட்கள். நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. சர்வர் அந்த ரூமுக்கே ஒரே ஒரு மெழுகுவத்தியைக் கொண்டுவந்து எங்கள் மேஜையில் நட்டுவிட்டுப் போனார்.

ஊதி அணைத்தேன். சர்வர் வந்தார், பற்ற வைத்தார், போனார். திரும்பவும் அணைத்தேன். "காத்தே இல்லியேம்மா, எப்படி அணையுது?" என்று இருட்டில் அவர் புலம்பியது கேட்டது. தீப்பெட்டியும் காலி. பக்கத்து மேஜை இளைஞன் செல்போன் டார்ச்சை அடித்தான். "தம்பி, கண்ணு கூசுதுப்பா, அத கொஞ்சம் நிறுத்தேன்" என்றேன். நிறுத்திவிட்டான். அந்தப் பிள்ளைக்கு நல்ல மனசு.

இப்போது கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். சர்வர் குருட்டாம்போக்கில் இலையைப் போட்டு, இட்லியை வைத்து, கொத்சை ஊற்றினார். கொஞ்சம் இலையில், மிச்சம் என் மடியில்.

நான் கையை நீட்டினேன். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. இட்லி இருக்கும் என்று நினைத்த இடத்தில் மேஜைதான் இருந்தது. சட்னிக்குள் மணிக்கட்டு வரை போய்விட்டது. பின்னாலிருந்து ஒரு பெண், "ஐயோ, இது யாரு எல?" என்று கத்தினாள். "என்னோடதுடி, கைய எடு" என்றது ஒரு ஆண் குரல். வடை ஒன்று தரையில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. ரூம் முழுக்கச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பில் என் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பும் கேட்டது. மூன்று வருஷமாக அதை நான் கேட்டதில்லை.

"இட்லிய தொரத்தாத" என்றார். "எல ஓரத்த மொதல்ல தொடு. ஓரத்துலேர்ந்து மெதுவா உள்ள வா. அது எங்கயும் ஓடிப்போவாது."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"செவுத்த பாத்துகிட்டு மூணு வருசமா வேற என்னா பண்ணன்?"

கொத்சில் உப்பு சரியாக இருக்கிறது, கத்தரிக்காய் மட்டும் கொஞ்சம் முற்றல் என்றார். தோசை சொன்னார். பின்மேஜைக்காரர், "சார், உங்க பக்கம் சாம்பார் வாளி இருக்குதா?" என்று கேட்டார். "வாளி சர்வர்கிட்டதான் சார் இருக்கு. சர்வர் எங்க இருக்கார்னு அவருக்கே தெரியல" என்றார் இவர். திரும்பவும் சிரித்தார்கள். நான் அந்த இருட்டு விடிய விடிய அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கரண்ட் ஆபீஸ் சொன்ன நேரத்துக்கு எதையும் கொடுத்ததில்லை. அன்றைக்கு மட்டும் முன்னாடியே கொடுத்துவிட்டார்கள். ஃபேன் கடகடவென்று சுற்றத் தொடங்கியது. தெருவில் பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். டியூப்லைட் இரண்டு தரம் கண்ணடித்துவிட்டுப் பளிச்சென்று எரிந்தது.

அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. எழுந்துவிடுவார், இனி ஜென்மத்துக்கும் வரமாட்டார், பெண்ணின் சம்பந்தம் அவ்வளவுதான் என்று மனசு அடித்துக்கொண்டது.

"வந்துடுச்சி" என்றார், மெல்ல.

"ஆமாங்க."

"எத்தன பேரு பாக்கறாங்க?"

சுற்றிப் பார்த்தேன். டார்ச் அடித்த தம்பி தன் பேண்டில் வழிந்த சாம்பாரைக் காகிதத்தால் துடைத்துக்கொண்டிருந்தான். பின்மேஜைப் பெண் புடவை முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மேஜைக்கடியில் வடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர்கூட பாக்கல" என்றேன். "அவுங்கவுங்க சட்டைய பாத்துக்கவே அவுங்களுக்கு நேரம் சரியா இருக்குது."

"நெசமாவா?"

"பொய் சொன்னா எனக்கு என்னா கெடைக்கப்போவுது?"

"என் எல எப்படி இருக்கு?"

குனிந்து பார்த்தேன். இலையைத் தாண்டி ஒரு துளி இல்லை. அந்த ரூமிலேயே கறைபடாத ஒரே சட்டை அவருடைய வெள்ளைச் சட்டைதான். சொன்னேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மட்டும் சொல்லவில்லை.

"உன்னோடது?"

"அத கேக்காதீங்க."

அவர் இடது கையால் சட்டையை நீவிக்கொண்டார். பிறகு இலை ஓரத்தைத் தொட்டு, உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து தோசையைப் பிய்த்தார். டியூப்லைட் வெளிச்சத்தில், அத்தனை பேர் நடுவில், நிதானமாகச் சாப்பிட்டார். ஒரு கேசரியும் சொன்னார்.

"ரெண்டு தடவ மெழுகுவத்திய ஊதுனவ நீதான?" என்றார் கேசரி வந்ததும்.

"காத்துல அணைஞ்சுதுங்க."

"திரி வாசன மூக்குல ஏறுது. காத்தாம், காத்து." பிறகு, "போன எடு. அந்த அம்மாவ கூப்புடு. ஞாயித்துக்கிழம கை நனைக்க வர்றோம்னு சொல்லு."

"எத்தினி மணிக்கு? சாயங்காலம் கரண்ட் போற நேரமா பாத்து சொல்லட்டுமா?"

அவர் கேசரியை விரல் நுனியால் வழித்தார்.

"மத்தியானம் வர்றோம்னு சொல்லு" என்றார். "பட்டப்பகல்ல."

நான் கைகூடக் கழுவவில்லை. சட்னி ஒட்டிய விரலாலேயே நம்பரை அழுத்தினேன்.